எம்.சி.பி. விழுந்தால் பார்க்க வேண்டிய ஆம்பியர் கணக்கு

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் தொடங்கிவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் துணி காயாது. காலையில் குளிக்க ஹீட்டரும், ஈரத்துணிக்கு அயர்ன் பாக்ஸும், சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே லைனில் ஓடினால் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். உடனே அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. பெரியதை மாட்டினால், அது விழுவதற்குள் வயர் கருகிவிடும்.

சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட்டை, வீட்டு வோல்டேஜான 230ஆல் வகுத்தால் அது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய எத்தனை ஆம்பியர் என்று கிடைக்கும். 2000 வாட் ஹீட்டருக்கு 8.7, அதே வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு 8.7, 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்கு 4.3, கூட்டினால் 21.7. 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சற்று நேரம் தாங்கி, உள்ளிருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்த பிறகே விழும். சுவிட்சைப் போட்ட நொடியிலேயே விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட் என்று கொண்டு வயர்மேனை அழைக்க வேண்டும்.

விளக்கு, மின்விசிறி லைனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5ம் போடுவது வழக்கம். ஹீட்டருக்கும் ஏசிக்கும் தனித்தனி லைன், தனித்தனி எம்.சி.பி. வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுப்பது நல்லது.

எங்கள் வீட்டில் 1500 வாட் வெந்நீர் ராடை மல்டிபிளக் வழியாக 6 ஆம்பியர் பிளக்கில் செருகி வந்தோம். அது இழுப்பது 6.5 ஆம்பியர். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்து, பிளாஸ்டிக் இளகி, பின்னைப் பிடுங்க முடியாமல் போயிற்று.

லோ வோல்டேஜில் ஹீட்டர் குறைவாகவே இழுக்கும். தண்ணீர் காயத் தாமதமாகும், அவ்வளவுதான். மோட்டாரோ சுமையை இழுக்கக் கூடுதல் ஆம்பியர் எடுத்துச் சூடாகும்; ஆகவே விளக்கு மங்கி எரியும்போது கிணற்று மோட்டாரைப் போடக் கூடாது.

ஈரச்சுவர் வழியே கசியும் மின்சாரத்தை எம்.சி.பி. அறியாது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும், சாரல் தொடங்குமுன் அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள், விழாவிட்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.