நாய் பழக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பையன் தன் ராஜபாளையம் குட்டியைப் பத்து நிமிடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அது வாலை ஒடுக்கிக்கொண்டு வந்தது. வந்ததும் முதுகில் ஓர் அடி. "கூப்பிட்டா உடனே வரமாட்டியா?" இருபது வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

கூப்பிட்டு அடிப்பது

ஓடிப்போனதற்காக அடித்ததாக அவன் நினைக்கிறான். குட்டி கடைசியாகச் செய்த காரியம் வந்ததுதான். அடி அதற்கு விழுந்ததாகவே அதன் மனதில் பதியும். 1898-ல் எட்வர்ட் தார்ண்டைக் என்பவர் பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்துச் சோதித்தார். கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும், வெளியே தீனி. கண்டபடி பிறாண்டிய பூனைகள் தடவைக்குத் தடவை சீக்கிரம் வெளியே வந்தன. கயிற்றை இழுத்த கையோடு பலன் கிடைத்ததால் அது பழகியது. அடியும் அப்படித்தான், எதை ஒட்டி விழுகிறதோ அதோடு சேர்ந்துவிடும்.

என் சிப்பிப்பாறை மணி அடிக்கடி வேலி தாண்டும். கூப்பிடுவேன், வரும், அடிப்பேன். சில வாரங்களில் என் குரல் கேட்டாலே எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில் நிற்கப் பழகிவிட்டது. ஒருநாள் மாலை சாலையோரம் நின்றபோது வண்டி வருவதைப் பார்த்து, "மணி, வா!" என்று கத்தினேன். என்னைப் பார்த்தபடியே பின்வாங்கிச் சாலைக்குள் போனது. பின்னங்கால் முறிந்தது. சாகும்வரை நொண்டித்தான் நடந்தது. அதனால்தான் யாராவது கூப்பிட்டு அடித்தால் எனக்கு இன்றும் பொறுப்பதில்லை.

எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நொடியில் ஒரு துண்டு ஈரல் கொடுங்கள். கோபமாக இருந்தால் கூப்பிடவே வேண்டாம், நீங்களே போய்ப் பிடியுங்கள். குளிப்பாட்டவும் ஊசி போடவும் அப்படியே.

மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பது

நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து மூத்திரம் போகத்தான் கற்றுக்கொள்ளும்.

என்றைக்காவது இணங்குவது

நாம் சாப்பிடும்போது நாய் குரைக்கிறது. பத்து நாள் பொறுத்துவிட்டு, பதினோராம் நாள் ஒரு துண்டு போடுகிறோம். தினமும் போடுவதைவிட இது மோசம். உளவியலாளர் ஸ்கின்னரின் எலிகள் ஒரு கம்பியை அழுத்தினால் தீனி உருண்டை கிடைக்கும். உருண்டைகள் தீர்ந்துவிடாமல் இருக்க, அவர் விட்டு விட்டுக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் விடாமல் கம்பியை அழுத்தின. அப்படிப் பழகியவை, தீனி அடியோடு நின்ற பிறகும் வெகுநேரம் அழுத்தும்.

அப்புறம், கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்களில் குரைப்பு கூடும். வீட்டில் எல்லோரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், முக்கியமாகப் பாட்டியிடம்.