ஓட்டு போடுறதுக்கு முன்னாடி கவர்மெண்ட்டு கணக்க பாக்குறது எப்படி

மொத வேலையா ஒரு 555 புக்கு, அதான் பாக்கெட்டுல வைக்கிற சின்ன நோட்டு, வாங்குங்க. நான் மலேசியாவுல, பினாங்கு ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்கு போறப்பல்லாம் கோழி, முட்டை, வெங்காயம் வெலய தேதி போட்டு அதுல கிறுக்கி வச்சிருவேன், வீட்டுல சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்லா.

அடுத்தது யார கேக்கணும்னு தெரியணும், இங்கதான் நம்மாளுங்க கோட்ட விடுறாங்க. 2024 ஜூன் 10ல தீபகற்பத்துல டீசல் லிட்டர் 2.15 வெள்ளிலேந்து (ரிங்கிட்) 3.35க்கு ஏறுச்சே, அது புத்ராஜெயா, அதாவது மத்திய அரசு, எடுத்த முடிவு, நாடாளுமன்ற ஒய்பிய, அதான் நாம ஓட்டு போட்டு அனுப்புன உறுப்பினர, கேளுங்க. நிலம், தண்ணின்னா சட்டமன்ற ஒய்பி. வீட்டு முன்னாடி லோங்காங் (சாக்கடை) அடைச்சா மாநகர் மன்றம், ஆனா அதுக்கு 1960கள்லேந்து தேர்தலே இல்ல, கவுன்சிலர்கள மாநில அரசுதான் நியமிக்குது, அதனால அந்த கோவத்தையும் மாநில ஓட்டுலதான் காட்டணும். பினாங்குல நாடாளுமன்றத்துக்கு 2022 நவம்பர்லயும் மாநிலத்துக்கு 2023 ஆகஸ்ட்லயும் தனித்தனியா போட்டோம், ரெண்டையும் ஒண்ணா போட்டு கொழப்பிக்காதீங்க.

ஒய்பி நாடாளுமன்றத்துல என்ன பேசுனாருன்னு ஹன்சார்ட்ல, அதான் சபையில பேசுனத எழுதி வைக்கிற பதிவுல, மலாய்ல இருக்கும், நெட்லயே பேர போட்டு தேடலாம். கல்யாண வீட்டுல மால போட்டத விட அது முக்கியம்.

வாக்குறுதிய புக்கோட ஒட்டி பாருங்க. 2015 ஏப்ரல்ல 6% ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) வந்துச்சு, 2018 மே 9 தேர்தல்ல ஆட்சி மாறுச்சு, ஜூன் 1ல அது பூஜ்யமாச்சு, செப்டம்பர்ல அதுக்கு பதிலா எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்துருச்சு, நான் குடிக்கிற தே தாரிக் (ஆத்துன பால் டீ) வெல மட்டும் எறங்கவே இல்ல.