வேப்பிங் செலவைக் குறைப்பது எப்படி: காயிலும் லிக்விடும் தின்னும் பணம்

சிகரெட்டை விட்டு வேப்புக்கு (மின் சிகரெட்) மாறியவர்கள் பெரும்பாலும் இரண்டு மாதம் கழித்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். மிச்சமாகும் என்று நம்பிய பணத்தில் பாதி எங்கோ போயிருக்கும். உடனே இன்னொரு கருவி வாங்கக் கிளம்புவார்கள். அது தேவையே இல்லை. கருவிக்கு ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. மாதாமாதம் கரைவது காயிலிலும் (லிக்விடைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) லிக்விடிலும்தான் (ஆவியாகும் திரவம்). இந்தப் பதிவு அந்த இரண்டையும் பற்றியது.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், இது தீங்கற்ற பொழுதுபோக்கு அல்ல. அடுத்து, மின் சிகரெட்டை விற்பதோ வைத்திருப்பதோ குற்றமாக இருக்கும் நாடுகள் உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் போன்றவைதான் வழி.

1. ஒரு நாளைக்கு எத்தனை மில்லி?

பாட்டிலின் விலையைப் பார்த்து மலிவு, விலை அதிகம் என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் செலவைத் தீர்மானிக்கும் எண் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை மி.லி. போகிறது என்பது. புது பாட்டிலைத் திறக்கும்போது மேலே பேனாவால் தேதி எழுதுங்கள். புதுக் காயில் போட்டாலும் தேதியைக் குறியுங்கள். இரண்டு வாரத்தில் நிலவரம் தெரிந்துவிடும். சின்ன பாட் (லிக்விட் நிற்கும் கழற்றக்கூடிய சிறு கூடு) கருவியில் 2 முதல் 4 மி.லி. வரை போவது சாதாரணம். பெரிய டேங்கில் புகைமண்டலம் விடுபவர்களுக்கு 10 மி.லி.க்கு மேல் போகும். அவர்கள் மலிவான லிக்விட் தேடி அலைவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றுகிற கதை.

2. தூக்கியெறியும் வகையிலிருந்து வெளியே வாருங்கள்

ஒருமுறை பயன்படுத்தி வீசும் வேப்புதான் மி.லி. கணக்கில் மிக விலை அதிகமானது. லிக்விட் நிரப்பியே வரும் பாட் அதற்கு அடுத்த இடம். நாமே நிரப்பிக்கொள்ளும், காயிலை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றும் பாட் கருவிதான் என் சிபாரிசு. காயில் பாட்டுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்து வரும் வகையும் கிடைக்கிறது. அதில் காயில் கருகினால் மொத்த பாட்டும் குப்பைக்குப் போகும். ஆனால் கசிவு குறைவு, வேலையும் குறைவு. கையில் சோம்பல் உள்ளவர்களுக்கு அதுவே போதும்.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அந்தக் கருவியின் காயில் நீங்கள் வழக்கமாக வாங்கும் இடத்தில் எப்போதும் இருப்பில் உள்ளதா? கருவி நன்றாக இருந்தும் காயில் வருவது நின்றுபோனதால் மூலையில் கிடக்கும் கருவிகள் ஏராளம்.

3. நிகோடினைக் குறைத்தால் செலவு கூடும்

எல்லோரும் சறுக்கும் இடம் இது. சிகரெட்டை விட்ட உற்சாகத்தில் எடுத்த எடுப்பிலேயே மி.லி.க்கு 3 மி.கி. நிகோடின் உள்ள லிக்விட் வாங்குவார்கள். உடம்பு அதற்கு ஒப்புக்கொள்ளாது. பழகிய அளவு நிகோடின் கிடைக்கும்வரை கை தானாகக் கருவியைத் தேடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 36 மி.கி. நிகோடின் உள்ள லிக்விட் ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மி.லி.க்கு 12 மி.கி. உள்ள லிக்விடில் அது 3 மி.லி. 6 மி.கி. என்றால் 6 மி.லி. 3 மி.கி. என்றால் 12 மி.லி. செலவு நான்கு மடங்கு. லிக்விட் நான்கு மடங்கு போனால் காயிலும் அதற்கேற்ற வேகத்தில் அழுக்கேறும். உடம்பு இந்த அளவுக்குக் கச்சிதமாக ஈடுகட்டாது, ஆனால் போகும் திசை இதுதான்.

ஆகவே ஆரம்பத்தில் நிகோடின் போதுமான அளவு இருக்கட்டும். சிகரெட் இழுப்பதுபோல முதலில் வாயில் இழுத்து, பிறகு நெஞ்சுக்குள் விடும் பாணி, 0.8 முதல் 1.2 ஓம் (மின்தடை அளவு) காயில். 12 முதல் 20 மி.கி. வரை லிக்விட். சாதாரண நிகோடின் இந்த அளவில் தொண்டையைக் கமறவைக்கும். அப்படியானால் நிகோடின் சால்ட் (உப்பு வடிவ நிகோடின்) உள்ள லிக்விட் எடுங்கள், அது மென்மையாக இறங்கும். தலை சுற்றல், குமட்டல், படபடப்பு வந்தால் அளவு அதிகம். கருவியைக் கீழே வையுங்கள், அடுத்த முறை ஒரு படி குறைவாக வாங்குங்கள்.

இதே 20 மி.கி. சால்ட்டைப் பெரிய சப் ஓம் (ஒரு ஓமுக்குக் குறைவான காயில் உள்ள) டேங்கில் ஊற்றிவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு இழுப்பிலும் போகும் ஆவி பல மடங்கு. இரண்டு இழுப்பிலேயே வயிற்றைப் பிரட்டும்.

வேப்போடு சேர்த்து நாளுக்கு நான்கைந்து சிகரெட்டும் பிடிப்பவர்களுக்கு மிச்சம் என்ற பேச்சே கிடையாது. இரண்டுக்கும் பணம் போகும், உடம்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி லாபமில்லை. அந்த நான்கைந்து நிற்காததற்குப் பெரும்பாலும் காரணம் லிக்விடில் நிகோடின் போதாததே.

4. காயிலை நனைப்பது

காயிலுக்குள் இருப்பது மெல்லிய கம்பியும் அதைச் சுற்றிய பஞ்சும். பஞ்சு முழுக்க லிக்விட் ஊறியிருந்தால் சூடு லிக்விடை ஆவியாக்கும். ஒரு ஓரம் காய்ந்திருந்தாலும் சூடு பஞ்சைக் கருக்கும். கருகிய பஞ்சை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. இரண்டு வாரம் ஓட வேண்டிய காயில் முதல் இழுப்பிலேயே சாவது இப்படித்தான்.

தனியாகக் கழற்றும் காயில் என்றால், பக்கவாட்டுத் துளைகளில் வெள்ளையாகப் பஞ்சு தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு, மேல் வாய் வழியாக உள்ளே இரண்டு மூன்று சொட்டு. வெள்ளை நிறம் மங்கி, பஞ்சு ஈரமாகப் பளபளக்கும். அதற்கு மேல் ஊற்றினால் நடுக்குழாயில் தேங்கி, இழுக்கும்போது வாய்க்குத் தெறிக்கும். பிறகு காயிலைப் பொருத்தி, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் சும்மா வையுங்கள். லிக்விட் கெட்டியாக இருந்தால் இருபது நிமிடம்.

பதிந்த காயில் என்றால் பஞ்சைத் தொட முடியாது. நிரப்பி, கால் மணி நேரம் விட்டு, பாட்டைக் கருவியிலிருந்து கழற்றி வாயில் வைத்து மெதுவாக இரண்டு மூன்று முறை இழுங்கள். கருவியில் மாட்டியபடியே இழுத்தால், இழுத்தவுடன் சூடாகும் வகைக் கருவிகள் காய்ந்த பஞ்சை அப்போதே கருக்கிவிடும். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது வாட், அதாவது காயிலுக்குப் போகும் மின்சக்தியின் அளவு. காயிலின் உடம்பிலேயே எல்லை அச்சிட்டிருக்கும். 12 முதல் 16 வாட் என்று இருந்தால் 12இல் தொடங்கி, பத்து இழுப்புக்குப் பிறகு ஒவ்வொரு வாட்டாக ஏற்றுங்கள். சுவை நன்றாக வரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மேல் எல்லைக்குப் போவதில் லாபமில்லை. வாட் ஏற ஏற லிக்விடும் வேகமாகத் தீரும்.

இழுப்புக்கு இழுப்பு அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். பஞ்சு மறுபடி உறிஞ்ச நேரம் வேண்டும். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்பிவிடுங்கள்.

*பின்சேர்க்கை:* இப்படி நனைத்த பிறகு களகளவென்று சத்தம் வருகிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். லிக்விட் அதிகமாகி நடுக்குழாய் நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். பாட்டைக் கழற்றி, வாய்ப்பகுதியை டிஷ்யூவில் பொத்தி, வாய்ப்பகுதி கீழே இருக்கும்படி பிடித்து இரண்டு மூன்று முறை உதறுங்கள். அடியிலுள்ள உலோக முனைகளையும் துடையுங்கள். அங்கே ஈரம் தேங்கினால், காயில் நன்றாக இருந்தாலும் கருவி பாட்டை அடையாளம் காணாது. காயில் போய்விட்டது என்று நினைத்து வீசப்படுவதில் இந்த ரகமும் உண்டு.

காயிலைச் சுடுநீரில் கழுவி மறுபடி போடலாம் என்பார்கள். முழுக்கக் காய ஒரு நாளாவது ஆகும், அதன்பின் கிடைப்பது சில நாள், சுவையும் மந்தம். அந்த உழைப்புக்கு அது தகுதியில்லை.

5. லிக்விட் எடுக்கும்போது

இனிப்புதான் காயிலின் எமன். மிட்டாய், கஸ்டர்ட், கேக் வாசனை லிக்விட்களில் பெரும்பாலும் சுக்ரலோஸ் சேர்த்திருப்பார்கள். அது ஆவியாகாமல் கம்பியில் கருப்பாகப் படியும். இனிப்பில்லாத புதினா, மென்மையான பழ வாசனை, புகையிலை வாசனை ஆகியவற்றில் காயில் சாதாரணமாகவே இரண்டு மடங்கு நாள் தாங்கும். செலவைக் குறைக்க ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

லிக்விடின் அடிப்படை இரண்டு திரவங்கள்: பிஜி (புரோப்பிலீன் கிளைக்கால்) நீர்த்தது, விஜி (வெஜிடபிள் கிளிசரின்) கெட்டியானது. சின்ன பாட்டுக்கு இரண்டும் 50க்கு 50. பெரிய டேங்குக்கு விஜி 70 சதவீதம். மாற்றி ஊற்றினால், சின்னக் காயிலின் பஞ்சு கெட்டி லிக்விடை உறிஞ்ச முடியாமல் காய்ந்து கருகும். பெரிய காயிலிலோ நீர்த்த லிக்விட் கசிந்து சட்டைப்பையை நனைக்கும்.

6. கலந்துகொள்வது

எளிய வழி ஷார்ட்ஃபில். 60 மி.லி. பாட்டிலில் நிகோடின் இல்லாத 50 மி.லி. லிக்விட் இருக்கும். 18 மி.கி. நிக் ஷாட் ஒன்றை (வாசனையில்லாத நிகோடின் திரவம், 10 மி.லி.) அதில் ஊற்றிக் குலுக்கினால் மொத்தம் 180 மி.கி., 60 மி.லி.யில், அதாவது மி.லி.க்கு 3 மி.கி. குறைந்த நிகோடின் போதும் என்பவர்களுக்கு மட்டுமே இது மலிவு. 12 மி.கி. தேவைப்படுபவர் இதற்கு மாறினால் மூன்றாம் பகுதியில் சொன்ன வலையில் விழுவார்.

அவர்களுக்கு முழுக்க சொந்தக் கலவைதான் பொருந்தும். சூத்திரம் ஒன்றே: வேண்டிய நிகோடின் அளவு × மொத்த மி.லி. ÷ நிகோடின் பேஸின் (வாசனை சேர்க்காத நிகோடின் திரவம்) அளவு. உதாரணத்துக்கு, மி.லி.க்கு 6 மி.கி. உள்ள லிக்விட் 100 மி.லி. வேண்டும், கையிலிருப்பது 18 மி.கி. பேஸ் என்றால் 6 × 100 ÷ 18 = 33.3 மி.லி.

பேஸ் 50க்கு 50, வாசனைச் சாறு 10 சதவீதம், கடைசி லிக்விடும் 50க்கு 50 என்று வைத்துக்கொண்டால்:

நிகோடின் பேஸ் 33.3 மி.லி. (சுமார் 38 கிராம்)
வாசனைச் சாறு 10 மி.லி. (சுமார் 10 கிராம்)
பிஜி 23.3 மி.லி. (சுமார் 24 கிராம்)
விஜி 33.3 மி.லி. (சுமார் 42 கிராம்)

பிஜி ஏன் குறைவு என்று குழம்ப வேண்டாம். வாசனைச் சாறு பெரும்பாலும் பிஜியில் கரைத்தே வருகிறது, பேஸின் பாதியும் பிஜி. இதைக் கழிக்காமல் அளந்தால் லிக்விட் நீர்த்துப்போகும், பிறகு பழி பாட்டின் மேல் விழும்.

சிரிஞ்சைவிட 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசே மேல். விஜி சிரிஞ்சில் நகரவே நகராது. தராசில் பாட்டிலை வைத்து, ஒவ்வொன்றையும் ஊற்றிய பிறகு பூஜ்யமாக்கி அடுத்ததை ஊற்றினால் கழுவ ஒரு பாத்திரமும் மிஞ்சாது. நன்றாகக் குலுக்கி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பழ வாசனை ஓரிரு நாளில் தயார். கஸ்டர்ட் வகைக்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். நாளாக நாளாக நிறம் பழுப்பேறுவது இயல்பு.

எச்சரிக்கைகளில் சிக்கனம் பார்க்காதீர்கள். நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும், ஆகவே கையுறை போடுங்கள். சிந்தினால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். குழந்தை ஒரு வாய் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. பூட்டி வையுங்கள், குளிர்பான பாட்டிலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். 100 மி.கி. செறிவு மலிவாகக் கிடைக்கிறது என்று புதியவர்கள் அதை வாங்க வேண்டாம், ஒரு மி.லி. தவறினால் விளைவு பெரிது. 20 மி.கி.க்கு மேல் தொடாதீர்கள்.

எண்ணெய் எதுவும் கலக்கக் கூடாது. சமையல் எசென்ஸில் எண்ணெய் அடிப்படை உள்ளவை உண்டு, நறுமண எண்ணெய்களும் அதே ரகம். எண்ணெய் ஆவி நுரையீரலில் தங்கிவிடும். 2019இல் அமெரிக்காவில் பரவிய கடும் நுரையீரல் பாதிப்பு, வைட்டமின் ஈ அசிடேட் கலந்த கஞ்சா கார்ட்ரிட்ஜ்களோடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது. முகவரி இல்லாத மலிவு கார்ட்ரிட்ஜைத் தொடாமல் இருப்பதற்கு அது ஒன்றே போதும்.

7. பேட்டரி

கருவிக்குள் பதிந்த பேட்டரிக்கு அதிவேக போன் சார்ஜர் வேண்டாம். கையேட்டில் சொன்ன ஆம்பியரில் சார்ஜ் செய்தால் கருவி கூடுதல் காலம் வரும். கழற்றும் 18650 எனும் உருளை பேட்டரி என்றால், மேலுறை கிழிந்ததைப் பயன்படுத்தாதீர்கள். சாவி, சில்லறையோடு பையில் போடாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

8. அளவை இறக்குவது

எப்போது நிகோடினைக் குறைக்கலாம்? தேதி எழுதிய பாட்டில் அதைச் சொல்லும். ஒரு நாளைக்குப் போகும் மி.லி. நாலைந்து வாரம் ஏறாமல் நின்றால் ஒரு படி இறங்குங்கள். சொந்தமாகக் கலப்பவர்கள் 12இலிருந்து நேராக 6க்குக் குதிக்க வேண்டியதில்லை. 10, 8 என்று இறங்கலாம். கடையில் வாங்குபவர்கள் ஒரே வாசனையில் இரண்டு அளவுகளை வாங்கிப் பாதிப் பாதி கலந்தால் நடுப்படி கிடைக்கும். இறங்கிய முதல் வாரம் மி.லி. கொஞ்சம் கூடும், அது சகஜம். இரண்டாவது வாரமும் இறங்காமல் நின்றால் பழைய அளவுக்கே திரும்பி, ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். சிகரெட் ஆசை எட்டிப் பார்த்தாலும் அதே வைத்தியம்தான். 3 மி.கி.யில் நிலைத்தவர்கள் அடுத்ததாக நிகோடினில்லாத லிக்விடை ஒரு பாட்டில் மட்டும் வாங்குங்கள், மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். பலருக்கு அந்த ஒரு பாட்டிலே தீர்வதில்லை.