சொரியாசிஸ் மதிப்பெண்ணை நம்பலாமா?
சேலத்தில் தோல் மருத்துவம் பார்க்கும் நான், சொரியாசிஸ் என்ற தோல் நோயின் தீவிரத்தையும் பரப்பையும் அளக்கும், 0 முதல் 72 வரை போகும் பாசி (PASI) மதிப்பெண்ணை ஒரே பார்வையில் நம்புவதில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து இறங்கி வரும் நோயாளியை நானும் சக மருத்துவரும் அதே நாளில், பேசிக்கொள்ளாமல் அளப்போம். நாள் தள்ளினால் நோயே மாறியிருக்கும்.

மொத்தத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். சிவப்பு, தடிப்பு, செதில் என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை; எதில் இருவர் மதிப்பெண்ணும் வேறுபடுகிறது என்று பாருங்கள். எங்களுக்குப் பெரும்பாலும் சிவப்பில்தான். நம் கருநிறத் தோலில் அது ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும். குறைத்துப் போட்டால் உரிய மருந்து தள்ளிப்போகும். அதை என்னால் பொறுக்க முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில், அவருடைய நோயற்ற தோலோடு ஒப்பிடுங்கள்.

நோய் பரவிய பரப்பை அளக்க, விரல்களோடு சேர்ந்த நோயாளியின் உள்ளங்கை அவருடைய உடல் தோலில் ஏறத்தாழ 1 சதவீதம்.