அரசுக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் பொருள் விற்பது எப்படி

அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் ஆண்டு முழுவதும் ஒரே வகைப் பொருள்களைத் திரும்பத் திரும்ப வாங்குகின்றன. ஒவ்வொரு முறையும் தனி டெண்டர் விட்டால் காலமும் செலவும் வீணாகும் என்பதால், விலையையும் தரத்தையும் விநியோக நிபந்தனைகளையும் ஒருமுறை முடிவு செய்துவிட்டு, பிறகு தேவை எழும்போதெல்லாம் கொள்முதல் ஆணை மட்டும் அனுப்பும் முறையைப் பல நாடுகள் கைக்கொண்டுள்ளன. இந்தியாவில் இதை ரேட் கான்ட்ராக்ட், அதாவது விலை ஒப்பந்தம் என்பார்கள். இது பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குச் செய்யப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு கொள்முதல் நெறிமுறை, இத்தகைய ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக 4 ஆண்டுகளை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஜி.எஸ்.ஏ. எனப்படும் பொதுச் சேவைகள் நிர்வாகம் செய்யும் ஒப்பந்தம் முதலில் 5 ஆண்டுகளுக்கு அமைந்து, நீட்டிப்புகளோடு 20 ஆண்டுகள் வரை செல்லக்கூடியது.

இதில் இறங்கும் நிறுவனம் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது, ஒப்பந்தம் கையெழுத்தானாலும் ஆர்டர் வந்துவிட்டதாகப் பொருளில்லை என்பதே. டெண்டரில் குறிப்பிடப்படும் ஆண்டுத் தேவை பெரும்பாலும் உத்தேச மதிப்பீடுதான். அந்த அளவை வாங்கியே தீர வேண்டிய கடமை அரசுக்கு இருக்காது. ஒரே பொருளுக்கு நான்கைந்து நிறுவனங்களோடு இணையாக ஒப்பந்தம் போடுவதும் வழக்கம். ஐக்கிய நாடுகளின் வர்த்தகச் சட்ட ஆணையம் 2011இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம், ஒப்பந்தத்தில் உள்ளவர்களுக்குள்ளேயே இரண்டாம் கட்டப் போட்டி நடத்தி ஆணை வழங்கவும் இடமளிக்கிறது. எனவே அளவு பற்றிய பிரிவை முதலில் படியுங்கள். உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொள்முதல் உண்டா, எத்தனை நிறுவனங்கள் தேர்வு செய்யப்படும், ஆணைகள் எவ்வாறு பங்கிடப்படும் என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் புது இயந்திரம் வாங்குவதோ கிடங்கை நிரப்புவதோ கூடாது.

விடை ஆவணத்தில் இல்லையென்றால் டெண்டருக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் கிடைத்த பதிலும், அதையொட்டி வெளியாகும் திருத்த அறிவிப்பும்தான் பின்னாளில் செல்லுபடியாகும். அதிகாரி வாய்மொழியாகச் சொன்னதற்கு மதிப்பில்லை.

தகுதி நிபந்தனைகளில் கடந்த சில ஆண்டுகளின் விற்றுமுதல், இதே போன்ற பொருளை வழங்கிய அனுபவம், ஆய்வகச் சான்றிதழ் ஆகியவை ஏறத்தாழ எங்கும் கேட்கப்படுகின்றன. அனுபவம் இல்லாத நிறுவனம், சிறிய நேரடி ஆர்டர்களை முடித்து நிறைவுச் சான்று வாங்கிச் சேர்ப்பதும், ஏற்கெனவே ஒப்பந்தம் பெற்றவரிடம் துணை ஒப்பந்ததாரராகச் சேர்வதும் நடைமுறையில் பயன் தரும் வழிகள். சிறு நிறுவனங்களுக்கான சலுகைகளையும் விட்டுவிட வேண்டாம். இந்தியாவில் மத்திய அரசின் கொள்முதலில் 25 விழுக்காடு குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து செய்யப்பட வேண்டும் என்ற கொள்கை உள்ளது. அத்தகைய நிறுவனத்தின் விலை எல்-1 விலையைவிட, அதாவது டெண்டரில் வந்த மிகக் குறைந்த விலையைவிட, 15 விழுக்காட்டுக்குள் கூடுதலாக இருந்தால், எல்-1 விலைக்கு இறங்கிவந்து ஒரு பகுதி ஆணையைப் பெறலாம். டெண்டர் வைப்புத்தொகையிலிருந்தும் இவற்றுக்கு விலக்கு உண்டு.

பல விண்ணப்பங்கள் விலை உறை திறக்கப்படும் நிலைக்கே வருவதில்லை. முதலில் திறக்கப்படும், தகுதி விவரங்கள் மட்டுமே இருக்க வேண்டிய தொழில்நுட்ப உறையில் தவறுதலாக விலையைக் குறிப்பிடுவது, பதிவுச் சான்றில் உள்ள நிறுவனப் பெயரும் வங்கி ஆவணத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாதது, டெண்டர் வைப்புத்தொகைக்காகத் தரும் வங்கி உத்தரவாதத்தின் செல்லுபடிக் காலம் சில நாள்கள் குறைவது ஆகியவையே போதும். உத்தரவாதம் டெண்டர் செல்லுபடிக் காலத்தையும் தாண்டி மேலும் 45 நாள்கள் நீடிக்க வேண்டும் என இந்தியாவின் பொது நிதி விதிகள் கூறுகின்றன. வங்கிக்குப் போகும் முன் இந்தத் தேதியை நீங்களே கணக்கிட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது. வங்கி தன் வழக்கமான படிவத்தில் தரும் வாசகத்தை அப்படியே ஏற்காமல், டெண்டரில் இணைக்கப்பட்டுள்ள மாதிரி வாசகத்தையே கேட்டு வாங்குங்கள்.

உண்மையான லாப நட்டத்தைத் தீர்மானிப்பது விலைப் பிரிவு. உங்கள் விற்பனை விலை 100, அடக்கச் செலவு 88, அதில் மூலப்பொருள் 50 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக் காலத்தில் மூலப்பொருள் 20 விழுக்காடு ஏறினால் செலவு 98 ஆகிவிடும். விலை நிலையானது என்று ஒப்புக்கொண்டிருந்தால் 12 ஆக இருந்த லாபம் 2 ஆகச் சுருங்கும். செலவு மாறும்போது விலையையும் ஒரு சூத்திரப்படி மாற்ற இடமளிக்கும் விலை மாறுபாட்டுப் பிரிவு இருந்தாலும், அதிலுள்ள எடைமானத்தை, அதாவது மொத்த விலையில் மூலப்பொருளுக்கு எவ்வளவு பங்கு தரப்படுகிறது என்பதை, பார்க்க வேண்டும். சூத்திரம் மூலப்பொருளுக்கு 35 விழுக்காடு எடைமானம் மட்டும் தந்தால், அதே ஏற்றத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது 7. செலவு ஏறியதோ 10. சூத்திரம் எந்தக் குறியீட்டெண்ணைச் சார்ந்துள்ளது, அடிப்படை மாதம் எது, ஏற்றத்துக்கு உச்ச வரம்பு உண்டா என்பவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே விலையைக் குறிக்க வேண்டும். பிரிவே இல்லாத ஒப்பந்தத்தில், எதிர்பார்க்கும் ஏற்றத்தை முதல் நாள் விலையிலேயே சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் டெண்டர் கைநழுவினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. மூன்றாண்டுகள் நட்டத்துக்கு வழங்குவதைவிட அது மலிவு.

இதோடு இணைத்துப் படிக்க வேண்டியது விலைக் குறைப்புப் பிரிவு. ஒப்பந்தக் காலத்தில் வேறு வாடிக்கையாளருக்கு இதைவிடக் குறைவான விலையில் விற்றால் அரசுக்கும் அந்த விலையே பொருந்தும் என்ற நிபந்தனை இந்திய விலை ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும், அமெரிக்க ஜி.எஸ்.ஏ. ஒப்பந்தங்கள் பலவற்றிலும் இதற்கு நெருங்கிய ஏற்பாடு இருந்துவந்தது. விற்பனைப் பிரிவில் உள்ளவர்கள் இதை அறியாமல் பண்டிகைத் தள்ளுபடி அறிவித்துவிட்டால், பழைய பில்களுக்கும் சேர்த்துத் தொகையைத் திருப்பிச் செலுத்த நேரிடலாம். தள்ளுபடிக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தை ஒருவரிடம் மட்டும் வைத்திருங்கள்.

பணம் வரும் காலத்துக்குச் சட்டங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசு அமைப்புகளுக்குப் பொதுவாக 30 நாள்கள். இந்தியாவில் குறு, சிறு நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாள்கள். ஆனால் இந்த நாள்கள் பொதுவாகப் பொருள் ஏற்கப்பட்ட நாளிலிருந்தோ பில் பெறப்பட்ட நாளிலிருந்தோதான் எண்ணப்படுகின்றன. ஆய்வாளர் வரத் தாமதமானால் பணமும் தாமதமாகும். வரம்பைத் தாண்டி இன்னும் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும் நடைமுறை மூலதனம் கையில் இருப்பது அவசியம். ஒப்பந்தத்தைச் சரியாக நிறைவேற்றுவோம் என்பதற்கான பிணைக்காக வங்கியில் முடங்கும் தொகையையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் கிடைத்தபின் விற்பனை வேலை தொடங்குகிறது. தலைமை அலுவலகம் விலையை முடிவு செய்யும். ஆணை பிறப்பிப்பவர்கள் மாவட்ட அலுவலகங்களிலும் மருத்துவமனைக் கிடங்குகளிலும் இருக்கும் அலுவலர்கள். ஒப்பந்த எண், பொருள் குறியீடு, விலை, விநியோக நாள்கள் ஆகியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு அவர்களிடம் சேர்ப்பியுங்கள். நிதியாண்டின் இறுதி மாதங்களில் ஆணைகள் ஒரேயடியாகக் குவியும் என்பதால் இருப்பை முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் தாமதத் தண்டத்தொகை லாபத்தைத் தின்றுவிடும். இந்த இடத்தில்தான் ஆர்டர் வாங்கித் தருவதாகக் கமிஷன் கேட்கும் இடைத்தரகர்களும் வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணம் ஒப்பந்த ரத்துக்கும் கருப்புப் பட்டியலுக்கும் வழிவகுக்கும்.

விநியோகித்த தேதி, ஆய்வு அறிக்கை, பொருள் பெற்றதற்கான கையொப்பம், நிராகரிப்பும் அதற்கான பதிலும் என ஒவ்வோர் ஆணைக்கும் தனிக் கோப்பு வையுங்கள். தண்டத்தொகை பிடிக்கப்பட்டால், தாமதம் யாரால் ஏற்பட்டது என்பதை நிறுவ அதுவே சான்று. ஒப்பந்தம் முடிவதற்கு ஏறத்தாழ ஓராண்டு இருக்கும்போதே நிறைவுச் சான்றுகளைக் கேட்டுப் பெறத் தொடங்குங்கள். அலுவலர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் கையொப்பம் வாங்குவது கடினம்.