தாய்ப்பாலில் நச்சு தேடும் கணினி: கோட்டை விடும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அக்காள் மகளுக்கு ஆய்வுக்கூடம். தாய்ப்பாலில் தங்கும் நச்சுகள் எந்தத் தாய்க்கு, எதனால் கூடுதல் என்று இயந்திரக் கற்றல் (தரவைப் பார்த்துக் கணினியே கற்று ஒரு 'மாடலை' உருவாக்கும் முறை) மூலம் பார்ப்பது அவளுடைய பல்கலைக்கழகப் பயிற்சி. "மாமா, மாடல் சூப்பரா வருது" என்றாள். சூப்பராக வந்தாலே எனக்குச் சந்தேகம்.

அட்டவணையைத் திறந்தால், ஒரே தாயின் பால் மூன்று வரிகளில் இருந்தது. வரிகளைக் குலுக்கிப் பிரித்ததில் இரண்டு மாடல் கற்றுக்கொள்வதற்கும் ஒன்று அதைச் சோதிப்பதற்கும் போயிருந்தன. மாடல் நச்சைப் படிக்கவில்லை, ஆளை அடையாளம் கண்டிருக்கிறது. ஒரு தாயின் வரிகள் எல்லாம் ஒரே பக்கம் போகும்படி, தாயின் எண்ணை வைத்துப் பிரிக்கச் சொன்னேன். மதிப்பெண் சரிந்தது, அவள் முகமும்தான்.

அடுத்தது கொழுப்பு. டிடிடி (பழைய பூச்சிக்கொல்லி), பிசிபி (பழைய மின்கருவி எண்ணெய்களில் இருந்த ரசாயனம்), டையாக்சின் (குப்பை எரிப்பதில் உண்டாகும் நச்சு) எல்லாம் கொழுப்பில் ஒட்டுபவை. குழந்தை குடிக்கத் தொடங்கும்போது வரும் பால் நீர்த்திருக்கும், கடைசியில் வருவது கெட்டி. எந்த நேரத்தில் எடுத்தோம் என்பதைப் பொறுத்து எண் மாறிவிடும். அதனால் ஒரு கிராம் கொழுப்புக்கு எவ்வளவு என்றுதான் கணக்கிட வேண்டும். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய என் பாட்டிக்கு இதை விளக்கவே வேண்டாம். தோட்டத்துக் கணக்கரான கிராணி வாளிப் பாலை நிறுத்துவிட்டு, மிதக்கும் கருவியையும் உள்ளே விட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் கணக்கு எழுதுவார். மழைத் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஆனால் இதையே பிஎஃப்ஏஎஸ் (ஒட்டாத பாத்திரப் பூச்சு போன்றவற்றில் பயன்படும் ரசாயனங்கள்) வகைக்கும் செய்துவிடாதீர்கள். அவை பெரும்பாலும் புரதத்தில் ஒட்டுபவை; கொழுப்பால் வகுத்தால் கணக்கு கெடும்.

"கண்டறியப்படவில்லை" என்ற கட்டங்களில் எல்லாம் அவள் பூஜ்யம் போட்டிருந்தாள். இல்லை என்பது வேறு, கருவியின் கண்ணுக்கு எட்டவில்லை என்பது வேறு. கருவியின் கண்ணுக்கு எட்டும் மிகக் குறைந்த அளவுதான் அதன் வரம்பு; அதில் பாதியைப் போடுவது பழைய வழக்கம். பாதிக்கு மேல் கட்டங்கள் அப்படி இருந்தால் அதுவும் உதவாது. அதற்கென்று இருக்கும் புள்ளியியல் முறைகளுக்குப் போக வேண்டும். இரண்டு ஆய்வுக்கூடங்களின் வரம்பு வேறானால், மாடல் கற்றுக்கொள்வது ஆய்வுக்கூடத்தின் பெயரை!

வயதும் எத்தனையாவது பிள்ளை என்பதும் அட்டவணையில் இல்லவே இல்லை. பாலூட்ட ஊட்ட உடம்பில் சேர்ந்தது குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு தலைப்பிள்ளைக்காரிகளைத் தேடுவது அதனால்தான். இது தெரியாத மாடல் பழியை மீன்குழம்பின் மேல் போடும்.

அப்புறம், தோட்டத்து ஆள்கள் முதலில் கேட்பது மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி. நியாயமான கேள்விதான். ஆனால் 2020 முதல் இங்கே தடையான பாராகுவாட் என்ற களைக்கொல்லி தண்ணீரில் கரைவது, கொழுப்பில் சேராது. எளிதில் சிதையாத நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2001இல் பட்டியலிட்ட 12 நச்சுகளில் அது இல்லை, டிடிடி இருக்கிறது. டிடிடியைவிட அது சிதைந்து உண்டாகும் டிடிஈ மிகுந்திருந்தால், அநேகமாகப் பழைய காலத்துச் சேர்க்கை. "தோட்டம்" என்ற ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு, கூடுதலுக்குக் காரணம் களைக்கொல்லி என்று எழுதிவிடக் கூடாது.

பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார். சிவப்புக் கோடுகள். "அப்போ பால் குடுக்கலாமா, வேணாமா?"

"குடுங்கக்கா. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது" என்றேன். அவர் போன பிறகு, அக்காள் மகள் ஒன்றும் பேசாமல் கோடுகளின் நிறத்தை மாற்ற உட்கார்ந்தாள்.