வீட்டுக்கு எந்த பிரிண்டர்? முதலில் காலண்டரைப் பாருங்கள்

மதுரையில் பதினான்கு வருஷமாக பிரிண்டர் சர்வீஸ் செய்கிறேன். "அண்ணே, வீட்டுக்கு இங்க்ஜெட் வாங்கவா, லேசர் வாங்கவா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் விலையில் இருந்து தொடங்குவதில்லை. கடைசியாக எப்போது பிரிண்ட் எடுத்தீர்கள், அதற்கு முன்னால் எப்போது என்று கேட்பேன். அந்த இடைவெளிதான் எனக்கு முக்கியம்.

போன சித்திரையில் ஒரு அக்கா இங்க் டேங்க் பிரிண்டரை, அதாவது பாட்டிலில் இருந்து மை ஊற்றும் இங்க்ஜெட்டை, தூக்கிக்கொண்டு வந்தார். பையனின் ஸ்கூல் புராஜெக்ட்டுக்காக வாங்கியது. டேங்கில் நாலு கலரும் பாதிக்கு மேல் இருந்தன. ஆனால் தாளில் மஞ்சள் துளிகூட விழவில்லை, கறுப்பு கோடு கோடாக விட்டுப்போனது. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு ஆன் செய்யவே இல்லையாம். "நாலஞ்சு தடவை ஹெட் கிளீனிங் கொடுத்துட்டேன் தம்பி" என்றார்.

இங்க்ஜெட்டில் மை திரவம். ஹெட் என்ற பாகத்தில் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக அது தெறிக்கிறது. வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் துளை வாயிலேயே மை காய்ந்துவிடும். கிளீனிங் கொடுக்கக் கொடுக்க நல்ல மைதான் உறிஞ்சப்பட்டு உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சில் போய்ச் சேரும். இரண்டு தடவைக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு ராத்திரி விட்டுப் பிறகு பாருங்கள். அந்த மெஷினில் நான் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியை ஹெட்டுக்கு அடியில் வைத்து இரவு முழுக்க விட்டேன். காலையில் மஞ்சள் வந்தது.

இன்னொன்று, சுவர் ஸ்விட்சை நேரடியாக அணைக்காதீர்கள். பிரிண்டரின் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும்.

லேசரில் இந்தத் தொல்லை கிடையாது. டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. ஃபியூசர் உருளை 200 டிகிரி வாக்கில் சூடாகி அதைத் தாளில் உருக்கி ஒட்டுகிறது. ஆறு மாதம் மூடி வைத்திருந்தாலும் காய்ந்துபோக அதில் ஈரமே இல்லை. ஹால் டிக்கெட்டில் தண்ணீர் பட்டாலும் எழுத்து கலையாது.

ஆனால் அந்தச் சூட்டுக்கு கரண்ட் வேண்டும். பிரிண்ட் தொடங்கும்போது பல நூறு வாட் இழுக்கும், டியூப்லைட் ஒரு கணம் மங்கும். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் லேசரை மாட்டவே மாட்டாதீர்கள். இங்க்ஜெட்டுக்கான பளபளப்பு போட்டோ பேப்பரையும் அதில் விடாதீர்கள். மேல்பூச்சு உருகி ஃபியூசரில் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் சுரண்டவும் முடியாது, உருளை கீறிவிடும்.

செலவுக்கு வருவோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட்டை (மை தீர்ந்தால் மை டப்பாவையே மாற்றும் வகை) வீட்டுக்கு நான் சொல்வதே இல்லை. சின்ன கார்ட்ரிட்ஜ் நூற்றுச் சொச்சம் பக்கத்தில் தீர்ந்துவிடும். இங்க் டேங்கில் ஊற்றும் எப்சன் 003 கறுப்பு பாட்டில் 4,500 பக்கம் என்று கம்பெனிக் கணக்கு. லேசருக்கான ஹெச்பி 88ஏ டோனர் 1,500 பக்கம். இதெல்லாம் எழுத்து மட்டும் இருக்கும் பக்கத்துக்குத்தான், படம் வந்தால் குறையும். புது லேசரோடு வரும் டோனர் பல மாடல்களில் அரைகுறையாகத்தான் நிரப்பியிருக்கும், கேட்டு வாங்குங்கள்.

வாரம் தவறாமல் கலர் தேவைப்படும் வீடு என்றால் இங்க் டேங்க். எப்போதாவது விண்ணப்பம், பத்திர நகல், டியூஷன் கேள்வித்தாள், அதுவும் கறுப்பு வெள்ளையில் போதும் என்றால் மோனோ லேசர். வருஷத்துக்கு முப்பது பக்கம்தான் என்றால் ஜெராக்ஸ் கடையே போதும், இரண்டுமே வேண்டாம்.

அக்கா மெஷினை மாற்றவில்லை. சனிக்கிழமைதோறும் பையனுக்கு நாலு கலரும் வரும்படி ஒரு படம் பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். ஆடி பிறந்தும் இன்னும் என் கடைக்கு அது வரவில்லை.